இலவசமாகக் கிடைக்கும் கோடிங்கை எடுத்து விற்றால் கேஸ் வருமா? செஸ் சாஃப்ட்வேர் முதல் ஆண்ட்ராய்டு வரை நடந்த வழக்குகள்

2021 ஜூலையில் ஜெர்மனியில் ஒரு வித்தியாசமான வழக்கு தொடரப்பட்டது. வழக்குப் போட்டவர்கள், 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற செஸ் புரோகிராமை எழுதியவர்கள். உலகின் மிக வலுவான செஸ் இன்ஜின்களில் ஒன்றான இதை யார் வேண்டுமானாலும் ஒரு பைசா கொடுக்காமல் டவுன்லோடு செய்யலாம். வழக்கைச் சந்தித்தது, ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த பிரபல செஸ் சாஃப்ட்வேர் நிறுவனமான செஸ்பேஸ்.

இலவசம் என்று வாரி வழங்கியாகிவிட்டது. அதை ஒருத்தர் எடுத்துக்கொண்டால் எதற்குக் கோர்ட் படி ஏற வேண்டும்? நியாயமான கேள்விதான். இன்று நம் கையில் இருக்கும் போன், வீட்டு வைஃபை ரூட்டர், டிவி என எல்லாவற்றிலும் இப்படி இலவசமாக வந்த கோடிங் இருக்கிறது. அது யாருக்குச் சொந்தம், எந்த நிபந்தனையில் எடுக்கலாம், மீறினால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

ஹோட்டலில் நாம் வாங்குவது பிரியாணி. அதன் செய்முறை மாஸ்டரிடம் இருக்கிறது. சாஃப்ட்வேரும் பெரும்பாலும் இப்படித்தான். கம்ப்யூட்டரில் ஓடும் வடிவம் நமக்குக் கிடைக்கும். மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட மூலநிரல், அதாவது 'சோர்ஸ் கோடு', தயாரித்த நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும்.

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் அந்தச் செய்முறையும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், ஏன், விற்கவும் செய்யலாம். லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி பிளேயர், வேர்ட்பிரஸ் எல்லாம் இந்த வகைதான்.

அப்போ ஓனர் யார்?

பலரும் சறுக்கும் இடம் இது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத பொருள் ஆகிவிடாது. ஒரு புரோகிராமை எழுதி முடித்த கணமே அதன் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், எழுதியவருக்கு வந்துவிடுகிறது. வேலை பார்க்கும் இடத்துக்காக எழுதியது என்றால் பொதுவாக அந்த நிறுவனத்துக்குப் போகும். எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அந்த ஓனர், 'இன்னின்ன நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் நீயும் பயன்படுத்திக்கோ' என்று முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் லைசென்ஸ். நிபந்தனையை மீறினால் அனுமதி போச்சு. அதன் பிறகு அந்தக் கோடிங்கை விநியோகிப்பது சாதாரண பதிப்புரிமை மீறல்தான். ஓப்பன் சோர்ஸ் வழக்குகளின் அடிப்படை வாதம் பெரும்பாலும் இந்த ஒரே கயிற்றில்தான் தொங்குகிறது.

எந்த லைசென்ஸ், என்ன நிபந்தனை?

● எம்ஐடி, பிஎஸ்டி: மிகவும் தாராளமானவை. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பூட்டி வைத்து விற்கலாம். எழுதியவரின் காப்பிரைட் வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் மட்டும் அழிக்கக் கூடாது.

● அப்பாச்சி 2.0: கிட்டத்தட்ட இதே தாராளம். கூடவே காப்புரிமை, அதாவது பேட்டன்ட் தொடர்பான அனுமதியும் எழுத்துப்பூர்வமாக உண்டு. மாற்றிய ஃபைல்களில் 'மாற்றப்பட்டது' என்று குறிப்பிட வேண்டும்.

● ஜிபிஎல்: ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் கொண்டுவந்தது. விற்கலாம், தடையில்லை. ஆனால் சாஃப்ட்வேரை யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்குச் சோர்ஸ் கோடும் கிடைக்க வழி செய்ய வேண்டும். நாம் செய்த மாற்றங்களையும் அதே லைசென்ஸில்தான் கொடுக்க வேண்டும். இதற்கு 'காப்பிலெஃப்ட்' என்று பெயர்.

● ஏஜிபிஎல்: ஜிபிஎல்லில் ஒரு சந்து உண்டு. சாஃப்ட்வேரை யாருக்கும் கொடுக்காமல், சர்வரில் வைத்து இணையம் வழியே சேவை மட்டும் கொடுத்தால் சோர்ஸ் கோடு கொடுக்கத் தேவையில்லை. ஏஜிபிஎல் அந்தச் சந்தையும் அடைக்கிறது.

டிரம்ப்பின் 'ட்ரூத் சோஷியல்' தளம் மாட்டியது இந்தக் கடைசி வகையில்தான். 2021 அக்டோபரில் அந்தத் தளத்தின் சோதனை வடிவம் வெளியே தெரிந்தபோது, அது 'மாஸ்டடான்' என்ற ஏஜிபிஎல் சாஃப்ட்வேரின் மேல் கட்டப்பட்டது என்பதைப் பலர் கண்டுபிடித்தார்கள். சோர்ஸ் கோடு எங்கே என்று மாஸ்டடான் தரப்பு கடிதம் அனுப்ப, அடுத்த மாதமே அது தளத்தில் வெளியிடப்பட்டது.

செஸ் வழக்கில் என்ன நடந்தது?

ஸ்டாக்ஃபிஷ் 2008-ல் பிறந்தது. அதற்கும் அடித்தளம் 'க்ளாரங்' என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் இன்ஜின். லைசென்ஸ், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய புரோகிராம் இது.

2021-ன் தொடக்கத்தில் செஸ்பேஸ் 'ஃபேட் ஃபிரிட்ஸ் 2' என்ற இன்ஜினைச் சுமார் 100 யூரோவுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'இது புது இன்ஜின் கிடையாது, எங்கள் ஸ்டாக்ஃபிஷ்தான். நியூரல் நெட்வொர்க்கை மாற்றிவிட்டு, அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் செய்திருக்கிறார்கள். வாங்குபவர்களுக்கு அதைச் சரியாகச் சொல்லவில்லை' என்பது ஸ்டாக்ஃபிஷ் குழுவின் புகார். செஸ்பேஸ் விற்ற 'ஹூடினி 6' இன்ஜினிலும் ஸ்டாக்ஃபிஷ் கோடிங் இருப்பதாக அவர்கள் குற்றம்சாட்டினார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம், '100 யூரோவுக்கு ஏன் விற்றீர்கள்' என்பது வழக்கே இல்லை. விற்பதை ஜிபிஎல் அனுமதிக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை, வாங்கியவருக்குச் சேர வேண்டிய உரிமையைக் கொடுக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதனால் லைசென்ஸையே ரத்து செய்துவிட்டோம், இனி எங்கள் கோடிங்கைத் தொடக் கூடாது என்றார்கள் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர்.

2022 நவம்பரில் இரு தரப்பும் சமரசமாகின. அந்த இரண்டு இன்ஜின்களின் விற்பனையையும் செஸ்பேஸ் நிறுத்த ஒப்புக்கொண்டது. ஓராண்டு காலம் ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய எதையும் விநியோகிக்கக் கூடாது, அதன் பிறகு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று முடிவானது. இந்த லைசென்ஸ் விவகாரங்களைக் கவனிக்கவே ஒரு பொறுப்பாளரை நியமிக்கவும் நிறுவனம் சம்மதித்தது.

வைஃபை ரூட்டருக்குள் ஒளிந்திருந்த லினக்ஸ்

இந்த மாதிரி மோதல்கள் அதிகம் நடந்தது பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேரில்தான். 2003-ல் லின்க்சிஸ் நிறுவனத்தின் 'டபிள்யூஆர்டி54ஜி' ரூட்டர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் உள்ளே லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் தோண்டியெடுத்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல்லில் இருப்பது. சோர்ஸ் கோடு எங்கே?

சிக்கல் என்னவென்றால், லின்க்சிஸை அந்த ஆண்டுதான் சிஸ்கோ விலைக்கு வாங்கியிருந்தது. அந்தக் கோடிங்கோ சிப் சப்ளை செய்த நிறுவனம் வழியாக உள்ளே வந்தது. யாரோ எப்போதோ எடுத்துப் போட்டது, கடைசியில் பிராண்ட் பெயர் ஒட்டியவர் தலையில் விடிந்தது. நெருக்கடிக்குப் பிறகு சோர்ஸ் கோடு வெளியானது.

அதன் விளைவு சுவாரசியமானது. வெளியான கோடிங்கை வைத்து ஆர்வலர்கள் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற ரூட்டர் சாஃப்ட்வேரை உருவாக்கினார்கள். இன்றும் பலவகை ரூட்டர்களில் அது ஓடுகிறது. ஆனால் சிஸ்கோவின் தலைவலி அத்தோடு தீரவில்லை. ஜிபிஎல் மீறல்கள் தொடர்வதாகச் சொல்லி, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2009 மே மாதம் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

இதற்கிடையில் 2004-ல், லினக்ஸின் ஃபயர்வால் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே, சைட்காம் என்ற ரூட்டர் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். ஜிபிஎல் செல்லுபடியாகும் என்று நீதிமன்றங்கள் ஏற்கத் தொடங்கியதில் இது முக்கியமான மைல்கல்.

பொம்மை ரயில் தீர்த்துவைத்த சட்டச் சிக்கல்

அமெரிக்காவில் இதற்கு விடை கிடைத்தது ஒரு பொழுதுபோக்கு வழக்கில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன். பொம்மை ரயில்களைக் கம்ப்யூட்டரில் இயக்கும் 'ஜேஎம்ஆர்ஐ' என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். அதே துறையில் சாஃப்ட்வேர் விற்றுவந்த மேத்யூ கட்சர் தரப்பு, அதன் ஃபைல்களை எடுத்து, எழுதியவர்களின் பெயரையும் காப்பிரைட் குறிப்பையும் விட்டுவிட்டுப் பயன்படுத்தியது.

கேள்வி இதுதான்: லைசென்ஸ் நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலா? ஒப்பந்த மீறல் என்றால் 'உனக்கு எவ்வளவு நஷ்டம்' என்று கேட்பார்கள். இலவசமாகக் கொடுத்தவருக்குப் பண நஷ்டம் எங்கிருந்து வரும்? கேஸே நிற்காது. கீழ் நீதிமன்றம் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போனது.

2008 ஆகஸ்ட்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பெயரைப் போடு, மாற்றத்தைச் சொல் என்பவை அனுமதிக்கான நிபந்தனைகள், அவற்றை மீறினால் பதிப்புரிமை மீறலாகவே பார்க்கலாம் என்றது. காசு வாங்காவிட்டாலும் பெயர், பயனர்கள், சாஃப்ட்வேரின் வளர்ச்சி என்று எழுதியவருக்குக் கிடைக்கும் பலன்கள் உண்டு என்பதையும் ஏற்றது. 2010-ல் கட்சர் தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசமானது.

பிரான்ஸில் இதே கேள்வி இன்னும் அதிக காலம் இழுத்தது. அரசுத் தளம் ஒன்றுக்கான திட்டத்தில் ஜிபிஎல் கோடிங்கை விதிமீறிப் பயன்படுத்தியதாகத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச் மீது ஒரு சிறிய நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், 6 லட்சம் யூரோவுக்கும் அதிகமாக ஆரஞ்ச் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

லினக்ஸ் மீதே விழுந்த திருட்டுப் பட்டம்

இதுவரை பார்த்தது ஓப்பன் சோர்ஸிலிருந்து எடுத்த கதை. ஓப்பன் சோர்ஸே திருட்டு என்று சொன்ன கதையும் உண்டு. 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற அமெரிக்க நிறுவனம் ஐபிஎம் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. யுனிக்ஸ் கோடிங்கை ஐபிஎம் லினக்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்பது புகார். பிறகு தொகை 500 கோடி டாலராக ஏறியது. லினக்ஸ் பயன்படுத்தும் கம்பெனிகளிடம் ஒரு புராசஸருக்கு 699 டாலர் லைசென்ஸ் கட்டணமும் கேட்டது எஸ்சிஓ.

ஆதாரம்? 2003 ஆகஸ்ட்டில் லாஸ் வேகஸில் நடந்த கூட்டத்தில், திருடியதாகச் சொல்லும் வரிகளைத் திரையில் காட்டியது எஸ்சிஓ. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில வரிகளைக் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றியிருந்தது. புரோகிராமர்கள் அதைப் படித்து, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய பழைய யுனிக்ஸ் வரிகள் அவை. அந்தப் பழைய யுனிக்ஸைத் தாராள லைசென்ஸில் 2002-ல் வெளியிட்டதே கால்டெரா, அதாவது எஸ்சிஓ-வின் முந்தைய பெயர்!

பெரிய அடி அதற்குப் பிறகு வந்தது. யுனிக்ஸின் பதிப்புரிமை எஸ்சிஓ-விடம் இல்லை, நோவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று 2007-ல் நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் விசாரணை மீண்டும் நடந்து, 2010-ல் ஜூரியும் அதையே சொன்னது. எஸ்சிஓ திவாலானது. மிச்சமிருந்த வழக்கு 2021-ல் 1.425 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 500 கோடி வரை கேட்ட 18 வருஷ வழக்கின் முடிவு அவ்வளவுதான்.

எவ்வளவு வரி காப்பி அடித்தால் தப்பு?

கூகுள் - ஆரக்கிள் வழக்கு இந்தக் கேள்வியில்தான் 11 ஆண்டுகள் ஓடியது. ஆண்ட்ராய்டை உருவாக்கும்போது, ஜாவா புரோகிராமர்கள் பழகிய கட்டளைகளே அதிலும் வேலை செய்ய வேண்டும் என்று கூகுள் நினைத்தது. அதற்காக ஜாவாவின் 'ஏபிஐ'யில் இருந்து சுமார் 11,500 அறிவிப்பு வரிகளை அப்படியே எடுத்தது. அந்தக் கட்டளைகளை உண்மையில் நிறைவேற்றும் கோடிங்கைப் பெரும்பாலும் சொந்தமாகவும் அப்பாச்சி லைசென்ஸில் கிடைத்ததை வைத்தும் அமைத்தது.

ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அதே ஆகஸ்ட்டில் கூகுள் மீது கேஸ். கேட்ட தொகை ஒரு கட்டத்தில் சுமார் 900 கோடி டாலரைத் தொட்டது. கீழ் நீதிமன்றம் ஒன்று சொல்ல, மேல் நீதிமன்றம் வேறொன்று சொல்ல, இரண்டு முறை முடிவு தலைகீழானது.

கடைசியில் 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எடுத்த வரிகள் ஜாவா ஏபிஐ-யின் மொத்தம் 28.6 லட்சம் வரிகளில் 0.4 சதவீதம்தான். புதிய தளத்துக்கு, தேவையான அளவு மட்டுமே எடுத்திருப்பதால் இது 'நியாயமான பயன்பாடு' என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஏபிஐ-க்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற மூலக் கேள்விக்கு மட்டும் நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டே தீர்ப்பு எழுதியது.

இதே வழக்கில் இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டில் இருந்த வெறும் 9 வரி ஃபங்ஷன் ஒன்று ஜாவாவில் இருப்பதன் நகல் என்று கண்டுபிடிக்கப்பட்டு, அது மீறல்தான் என்று ஜூரி சொன்னது. ஆக, 11,500 வரி தப்பித்தது, 9 வரி மாட்டியது. 'இத்தனை வரிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை' என்று ஒரு கணக்கும் கிடையாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஏஐ எழுதிக்கொடுத்தால் யார் பொறுப்பு?

இப்போதைய சண்டை ஏஐ பக்கம் நகர்ந்திருக்கிறது. கிட்ஹப்பில் கோடிக்கணக்கான வரிகள் ஓப்பன் சோர்ஸாகக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துப் பழகிய 'கோபைலட்' என்ற ஏஐ கருவியை 2021-ல் கிட்ஹப் அறிமுகம் செய்தது. சில நேரம் அது யாரோ எழுதியதை, பெயரும் லைசென்ஸும் இல்லாமல் அப்படியே கொட்டுகிறது என்று சொல்லி, பெயர் வெளியிடாத புரோகிராமர்கள் 2022 நவம்பரில் கிட்ஹப், மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ மீது சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள்.

2024-ல் நீதிபதி பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். காப்பிரைட் குறிப்பை நீக்கினார்கள் என்ற முக்கியமான புகாரும் அதில் போய்விட்டது. லைசென்ஸ் நிபந்தனை மீறல் தொடர்பான பகுதி நிலைத்தது. தள்ளுபடியை எதிர்த்து விவகாரம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. எம்ஐடி லைசென்ஸ் கேட்பதே காப்பிரைட் வரியும் லைசென்ஸ் வாசகமும் மட்டும்தான். அதையும் இயந்திரம் உதிர்த்துவிட்டால், எழுதியவருக்கு என்னதான் மிஞ்சும் என்பது புரோகிராமர்களின் கேள்வி.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் 'இலக்கியப் படைப்பு'தான். ஆமாம், கதை, கவிதை வரிசையிலேயே ஜாவா, பைத்தான் கோடிங்கும் வருகிறது. எழுதியவர் வாழ்நாளும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை 1978-ல் ஒரு நாடக - சினிமா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சினிமாவில் கதைத் திருட்டுப் புகார் வரும்போதெல்லாம் பேசப்படும் தீர்ப்பு அது. கோடிங்குக்கும் அதே அளவுகோல்தான். ஒரு ஆப் செய்யும் வேலையைப் பார்த்து, சொந்தமாக எழுதலாம். அதன் வரிகளைத் தூக்கிவந்து ஒட்ட முடியாது.

திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைப் பயன்படுத்தினால், 63பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கோடிங் எழுதுபவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கோடிங் விஷயத்தில் மட்டும் பார்த்தே ஆக வேண்டும்.

● லைசென்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் 'எடுத்துக்கலாம்' என்று அர்த்தமில்லை. எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது.

● ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருந்து காப்பி - பேஸ்ட் செய்வதற்கும் நிபந்தனை உண்டு. அங்குள்ள பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் இருப்பவை. எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

● ஃபைலின் தலையில் இருக்கும் காப்பிரைட் வரியை அழிக்காதீர்கள். பொம்மை ரயில் வழக்கு தொடங்கியதே அங்கேதான்.

● வெளி நிறுவனத்திடம் இருந்து சாஃப்ட்வேர் வாங்கினால், அதன் உள்ளே என்னென்ன ஓப்பன் சோர்ஸ் பகுதிகள் இருக்கின்றன என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். லின்க்சிஸ் விஷயத்தில் சிப் சப்ளையரிடம் இருந்து வந்ததுதான் பிரச்சினையானது.

● ஆபீஸ் வேலைக்காக எழுதியதைச் சொந்த கிட்ஹப் பக்கத்தில் போடும் முன் அனுமதி வாங்குங்கள். எழுதியது நீங்களாக இருந்தாலும் பொதுவாக உரிமை நிறுவனத்துடையது.

● மீறல் தெரிய வந்தால் உடனே சரிசெய்யுங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல்முறை நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் மீறலைச் சரிசெய்தால் இழந்த லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். மேலே பார்த்த பல மோதல்களில் முதலில் கேட்கப்பட்டது சோர்ஸ் கோடும் எழுதியவர் பெயரும்தான். அதைக் கொடுக்க மறுத்த பிறகே விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.